காது கொடுத்துக் கேட்ட கம்ப்யூட்டர்
(டி.இ.சி.இ. மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரின் கட்டுரை)



கம்ப்யூட்டர் என்றதும் நம் மனசில் வருவது கீபோர்டும் திரையும்தான். எழுத்து தெரிந்தவனுக்கு மட்டும் திறக்கிற கதவு மாதிரி அது இருக்கிறது. அந்தக் கதவில் எழுத்துக்குப் பதிலாகக் காது வைக்க முடியுமா என்று 1960-களிலேயே வேலையைத் தொடங்கிய விஞ்ஞானி ஒருவர் இருக்கிறார். அவர் படித்தது சிவில். படித்த இடம் நம் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரி. அவர் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவர்தான். பெயர் டப்பல ராஜகோபால் ரெட்டி, சுருக்கமாக ராஜ் ரெட்டி.

நம் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் வீட்டுக்கு முதல் படிப்பாளி. அதனால்தான் இந்த மலருக்கு எழுதச் சொன்னபோது இவரையே எடுத்துக்கொண்டேன். ஆனால் வெறும் புகழ்ச்சியாக எழுதினால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. அவர் செய்த வேலை என்ன, அது எப்படி இயங்குகிறது என்பதையும் சேர்த்தே பார்ப்போம்.

காட்டூரிலிருந்து கிண்டி, கிண்டியிலிருந்து கடல் தாண்டி

ராஜ் ரெட்டி பிறந்தது 1937 ஜூன் 13-ம் தேதி, சித்தூர் மாவட்டம் காட்டூர் கிராமத்தில். இன்று அது ஆந்திரா. அவர் பிறந்தபோது சித்தூர் ஜில்லா சென்னை மாகாணத்தில் இருந்தது. அப்பா விவசாயம். தாய்மொழி தெலுங்கு. 1958-ல் கிண்டியில் சிவில் பட்டம் வாங்கினார். பிறகு ஆஸ்திரேலியா போய், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் 1960-ல் எம்.டெக். முடித்தார். அங்கேயே ஐ.பி.எம். கம்பெனியில் மூன்று வருஷம் வேலை. சிவில் படித்தவர் கம்ப்யூட்டர் பக்கம் சாய்ந்தது இந்தக் காலத்தில்தான்.

1963-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். அங்கே அவருக்கு வழிகாட்டி ஜான் மெக்கார்த்தி. 'செயற்கை அறிவு' என்ற துறைக்கு ஆங்கிலத்தில் பெயர் சூட்டியவரே இவர்தான். இவரிடம் ராஜ் ரெட்டி எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி, தொடர்ச்சியாகப் பேசும் பேச்சைக் கம்ப்யூட்டர் புரிந்துகொள்வது எப்படி என்பது. 1966-ல் டாக்டர் பட்டம். மூன்று வருஷம் அங்கேயே ஆசிரியராக இருந்துவிட்டு, 1969-ல் பிட்ஸ்பர்க் நகரில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பிறகு அதுதான் அவருக்கு வீடு.

பேச்சு ஏன் இவ்வளவு கஷ்டம்?

'நமக்குப் புரிகிறது, மெஷினுக்கு என்ன கேடு?' என்று கேட்கத் தோன்றும். நம் பாடத்தில் பி.சி.எம். படித்தோம் அல்லவா? டெலிபோன் பேச்சை ஒரு செகண்டுக்கு 8000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் ஒரு எண்ணாக மாற்றுகிறோம். கம்ப்யூட்டருக்குக் கிடைப்பது இந்த எண்கள் மட்டுமே. அதில் எழுத்தும் இல்லை, சொல்லும் இல்லை.

பஸ் ஸ்டாண்டில் ஒருத்தர் 'நாளைக்கு காலையில மலைக்கு பஸ் இருக்கா?' என்று கேட்கிறார். எழுதும்போது ஐந்து சொல், நடுவில் இடைவெளி. பேசும்போது அந்த இடைவெளியே கிடையாது. 'நாளைக்குகாலயிலமலைக்குபஸ்ஸிருக்கா' என்று ஒரே மூச்சு! எங்கே ஒரு சொல் முடிந்து அடுத்தது ஆரம்பிக்கிறது என்று அலையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அடுத்த தொல்லை, ஒரே எழுத்து பல ஒலியாக வருவது. தமிழில் இதை நாமே சோதிக்கலாம். 'கல்', 'தங்கம்', 'நகம்' மூன்றையும் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். மூன்று 'க'வும் ஒன்றா? 'சோறு', 'பச்சை', 'பஞ்சு' மூன்றிலும் 'ச' ஒரே மாதிரியா ஒலிக்கிறது? பக்கத்தில் என்ன எழுத்து இருக்கிறதோ அதைப் பொறுத்து ஒலி மாறுகிறது. நாம் யோசிக்காமல் செய்கிறோம், அவ்வளவுதான். இதற்கு மேல் ஆண் குரல், பெண் குரல், சளி பிடித்த குரல், பல் போன கிழவர் குரல் என்று ஆளுக்கு ஆள் வித்தியாசம் வேறு.

கரும்பலகையும் வலைப்பின்னலும்

1971-ல் அமெரிக்க ராணுவத் துறையின் ஆராய்ச்சிப் பிரிவு ஒரு சவால் விட்டது. ஐந்து வருஷத்துக்குள் 1000 சொற்களைத் தொடர்பேச்சில் புரிந்துகொள்ளும் மெஷின் வேண்டும், அர்த்தப் பிழை நூற்றுக்குப் பத்துக்குள் இருக்க வேண்டும். பல இடங்களில் ஆராய்ச்சி நடந்தது. கார்னகி மெலனில் ராஜ் ரெட்டியின் குழு ஒரு வழியை மட்டும் நம்பாமல் பல வழிகளில் முயன்றது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

முதல் வழியின் பெயர் 'ஹியர்சே'. வகுப்பில் ஒரு கரும்பலகை இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒலி தெரிந்தவர் ஒருத்தர், சொல் தெரிந்தவர் ஒருத்தர், இலக்கணம் தெரிந்தவர் ஒருத்தர். ஆளாளுக்குத் தன் யூகத்தைப் பலகையில் எழுதுவார். 'இங்கே ம மாதிரி கேட்குது' என்பார் முதல் ஆள். 'அப்படின்னா மலையோ மழையோ இருக்கணும்' என்பார் அடுத்த ஆள். 'பின்னாடி பஸ்ஸுன்னு வருதே, அப்ப மலைதான்' என்பார் மூன்றாவது ஆள். இப்படி எல்லோரும் ஒரே பலகையைப் பார்த்துத் திருத்தித் திருத்தி முடிவுக்கு வருகிறார்கள். இந்த 'கரும்பலகை' அமைப்பைப் பிற்பாடு பேச்சுக்கு வெளியேயும் பல துறைகளில் பயன்படுத்தினார்கள்.

இன்னொரு வழி 'ஹார்ப்பி'. ராஜ் ரெட்டியின் மாணவர் புரூஸ் லோவர் 1976-ல் முடித்தது. பேசக்கூடிய எல்லா வாக்கியங்களையும் முன்கூட்டியே சுமார் 15,000 கணுக்கள் உள்ள ஒரு வலையாகப் பின்னிவிட்டார்கள். பேச்சு வர வர, அந்த வலையில் எந்தப் பாதை பொருந்துகிறது என்று தேடும். எல்லாப் பாதையையும் தேடினால் அந்தக் காலத்து மெஷின் தாங்காது. அதனால் ஒவ்வொரு அடியிலும் நன்றாகப் பொருந்தும் சில பாதைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடும். 1011 சொற்கள், அர்த்தப் பிழை நூற்றுக்கு ஐந்து. சவாலில் கேட்டதை விடவே மேல்! இந்தக் கழித்துத் தேடும் முறை இன்றைக்கும் மொழிபெயர்ப்பு மெஷின்களில் உயிரோடு இருக்கிறது.

ஆனால் ஹார்ப்பிக்கு ஒரு குறை. பேசப் போகிறவர் முன்கூட்டியே கொஞ்சம் வாக்கியம் பேசிக் காட்டி அதைத் தன் குரலுக்குப் பழக்க வேண்டும். புது ஆள் வந்து பேசினால் தடுமாறும்.

மெஸ் சத்தமும் மறைந்திருக்கும் நிலையும்

மூன்றாவது வழி ஒன்று அதே இடத்தில் முளைத்தது. ஜேம்ஸ் பேக்கர் என்ற மாணவர் 1975-ல் 'டிராகன்' என்ற முறையைச் செய்தார். இலக்கணப் பண்டிதரும் வேண்டாம், ஒலிப் பண்டிதரும் வேண்டாம், எல்லாவற்றையும் நிகழ்தகவுக் கணக்காக வைத்துக்கொள் என்பது அவர் கட்சி. இதற்கு 'மறைந்த மார்க்கோவ் மாதிரி' என்று பெயர். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஹாஸ்டல் பசங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை போர்வையை இழுத்துப் போர்த்திப் படுத்திருக்கிறோம். மெஸ்ஸில் நடப்பது கண்ணுக்குத் தெரியாது, காதுக்கு மட்டும் கேட்கும். 'சொய்ங்' என்று ஒரு சத்தம். தோசை ஊற்றுகிறாரா, தாளிக்கிறாரா? சத்தத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் தாளிப்பு மாதிரிதான் இருக்கிறது. தாளித்தால் இப்படிக் கேட்க வாய்ப்பு 0.8, தோசை என்றால் 0.4 என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அதற்கு முன்னால் மாவு கலக்குகிற சத்தம் கேட்டது. மாவு கலக்கிய பிறகு தோசை ஊற்ற வாய்ப்பு 0.7, தாளிக்க 0.1. இப்போது பெருக்குங்கள்.

தோசை: 0.7 × 0.4 = 0.28
தாளிப்பு: 0.1 × 0.8 = 0.08

ஆகவே தோசை! எழுந்து பல் விளக்கலாம்.

பேச்சிலும் இதே கணக்குதான். பேசுகிறவர் நினைத்த ஒலி மறைந்திருக்கிறது, நமக்குக் கிடைப்பது அலை. முந்தின ஒலிக்குப் பிறகு எது வர வாய்ப்பு, வந்தால் அலை இப்படி இருக்க வாய்ப்பு என்ன, இரண்டையும் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். இதில் முக்கியமான விஷயம், அந்த 0.7-ஐயும் 0.4-ஐயும் யாரும் உட்கார்ந்து எழுதித் தர வேண்டாம். நிறையப் பேரின் பேச்சைக் கொடுத்தால் மெஷினே எண்ணிக் கற்றுக்கொள்ளும்.

பேக்கரும் அவர் மனைவி ஜேனட் பேக்கரும் 1982-ல் டிராகன் பெயரிலேயே ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். 1997-ல் அவர்கள் வெளியிட்ட மென்பொருளில், சாதாரண வேகத்தில் பேசினாலே டைப் ஆனது.

மாணவனிடம் தோற்ற ஆசிரியர்

1980-களில் கை-ஃபூ லீ என்ற மாணவர் ராஜ் ரெட்டியிடம் சேர்ந்தார். பண்டிதர்களின் அறிவை விதி விதியாக எழுதி மெஷினுக்குள் வைக்கும் வழியை ஆசிரியர் விரும்பினார். மாணவருக்கு அதில் நம்பிக்கை இல்லை, புள்ளிவிவர வழியில் போகிறேன் என்றார். ராஜ் ரெட்டி சொன்ன பதிலைப் பிற்காலத்தில் லீயே பல இடங்களில் சொல்லியிருக்கிறார்: உன் கருத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் உனக்குத் துணை நிற்கிறேன் என்றாராம். வேண்டிய கம்ப்யூட்டரும் பணமும் கொடுத்தார்.

1988-ல் 'ஸ்ஃபிங்ஸ்' வந்தது. 105 பேர் பேசிய 4200 வாக்கியங்களைக் கேட்டுப் பழகிய மெஷின். முன்னே பின்னே பார்த்திராத புது ஆள் வந்து பேசினாலும் புரிந்துகொண்டது. நான் மேலே சொன்ன 'க' தொல்லைக்கும் அதில் மருந்து இருந்தது. ஒரு ஒலியைத் தனியாகக் கற்காமல், முன்னால் என்ன பின்னால் என்ன என்பதோடு சேர்த்து மும்மூன்றாகக் கற்றது. 997 சொற்கள் உள்ள சோதனையில், அடுத்து வரக்கூடிய சொற்கள் சராசரி 20 என்று இலக்கணம் கட்டுப்படுத்தினால் நூற்றுக்கு 96 சொல் சரி. எந்தச் சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல்லும் வரலாம் என்று அவிழ்த்துவிட்டால் 71. இலக்கணத்துக்கு இருக்கும் பலத்தை இந்த இரண்டு எண்ணே காட்டுகிறது.

நிறைய இடத்தில் ஆசிரியர் சொன்னதைத் திருப்பிச் சொல்பவனுக்குத்தான் மார்க். தன் வழிக்கு எதிர் வழியில் போகிற பையனுக்குத் தன் ஆராய்ச்சிப் பணத்தைக் கொடுத்தாரே, அதைத்தான் நான் ராஜ் ரெட்டியின் பெரிய சாதனை என்று சொல்வேன். விருதெல்லாம் அப்புறம். 1979-ல் கார்னகி மெலனில் ரோபோ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு முதல் இயக்குநர், 1991 முதல் 1999 வரை கம்ப்யூட்டர் புலத்தின் டீன், 1984-ல் பிரான்ஸ் நாட்டின் 'லீஜியன் ஆஃப் ஹானர்', 2001-ல் பத்மபூஷண். 1994-ல் எட்வர்ட் ஃபெய்கன்பாமுடன் சேர்ந்து டூரிங் விருது. கம்ப்யூட்டர் துறைக்கு நோபல் மாதிரி அது. ஆசியாவில் பிறந்தவர்களில் அதை முதலில் வாங்கியவர் இவர்.

எழுத்துத் தெரியாதவருக்குக் கம்ப்யூட்டர்

ராஜ் ரெட்டிக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. படிக்கத் தெரியாத ஏழைக்குத்தான் கம்ப்யூட்டர் அதிகம் வேண்டும் என்பார். கம்ப்யூட்டர், டி.வி., டெலிபோன் மூன்றும் ஒன்றாக, ரிமோட்டில் இயங்கும் 'பிசிடிவிடி' என்ற பெட்டியை 2000-களில் வடிவமைத்தார். அது ஊர் ஊராகப் பரவவில்லை. அதற்குள் செல்போன் வந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டது. பத்து லட்சம் புத்தகங்களை ஸ்கேன் செய்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தையும் முன்னின்று நடத்தினார். அதில் இந்திய மொழிப் புத்தகங்களும் ஏராளம். 2008-ல் ஆந்திராவில் கிராமத்துப் பிள்ளைகளுக்காக ராஜீவ் காந்தி பெயரில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் முதல் வேந்தரும் இவரே. அங்கே சேர்க்கை எப்போது தெரியுமா? நம்மைப் போலவே பத்தாவது முடித்தவுடன்!

நம்ம மலைக்கு வருவோம்

எங்க ஊர் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அந்தப்பக்கம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியா பஸ் ஏறணும். மானம் பாத்த பூமி. மரவள்ளியும் சாமையும்தான். எங்க ஆயாவுக்கு எழுத்து தெரியாது, ஆனா போன்ல மைக் படத்தை அழுத்தத் தெரியும். நான்தான் காட்டிக் கொடுத்தேன். ஒருநாள் அது, 'நாளைக்கு மானம் பேயுமா?' என்று கேட்டது. எங்க பக்கம் வானத்தை மானம் என்பதுதான் வழக்கம். திரையில் வந்தது, 'நாளைக்கு மானம் போகுமா'. நான் வாசித்துக் காட்டினேன். 'இன்னாடா இது, மழையைக் கேட்டா நம்ம மானத்தைக் கேக்குது!' என்று ஆயா சிரித்தது. அப்புறம் அந்த மைக் பக்கமே போகவில்லை.

இதைச் சிரித்துவிட்டு விட முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பேச்சறி மெஷினை அளக்கும் முறை இது: மாற்றிக் கேட்ட சொல், விட்டுப்போன சொல், கூடுதலாகச் சேர்த்த சொல், மூன்றையும் கூட்டி, உண்மையில் பேசிய சொற்களால் வகுக்க வேண்டும். ஆயா பேசியது மூன்று சொல். ஒன்று மாறிவிட்டது. 1/3, அதாவது 33 சதவீதப் பிழை. ஆனால் கேள்வியின் அர்த்தம் முழுசும் போச்சு, அங்கே பிழை நூற்றுக்கு நூறு. 1971 சவாலில் அர்த்தப் பிழையை அளக்கச் சொன்னது எவ்வளவு சரி என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆயாவின் பேச்சில் குற்றமில்லை, மெஷினின் கணக்கிலும் குற்றமில்லை. கற்றுக்கொண்ட பேச்சில் 'மானம் பேயும்' என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லாத ஒன்றுக்கு நிகழ்தகவு ஏறக்குறைய சைபர். பெருக்கினால் என்ன வரும்? 105 பேர் குரலில் பழகினால் அந்த 105 பேர் மாதிரிப் பேசுகிறவர்களுக்குத்தான் மெஷின். ரேடியோ செய்தியில் பழகினால் செய்தி வாசிப்பவருக்குத்தான் மெஷின்.

இந்த ஓட்டையை அடைக்கத் தமிழ்நாட்டிலேயே வேலை நடந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் மிதேஷ் கப்ரா, மும்பை ஐ.ஐ.டி.யில் புஷ்பக் பட்டாச்சார்யாவிடம் ஆராய்ச்சி செய்தவர். ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்துவிட்டு ஆசிரியராக வந்தார். அவரும் நண்பர்களும் நடத்தும் 'ஏஐ4பாரத்' குழு முதலில் ஆல் இந்தியா ரேடியோ செய்திகளிலிருந்து 12 மொழிகளில் 6400 மணி நேரப் பேச்சைத் தொகுத்தது. அது போதாது என்று பிறகு ஊர் ஊராகப் போனார்கள். 2024-ல் வெளியிட்ட 'இண்டிக்வாய்சஸ்' தொகுப்பில் 22 மொழிகள், 145 மாவட்டங்கள், 16,237 பேர், 7348 மணி நேரம். இதில் எழுதி வைத்து வாசித்தது நூற்றுக்கு ஒன்பதுதான். மற்றதெல்லாம் தானாகப் பேசியதும் உரையாடியதும். சரியான வழி. ஆனால் நாட்டில் 700-க்கும் மேல் மாவட்டங்கள் இருக்கின்றன. மாவட்டத்துக்குள்ளும் மலைப் பேச்சு வேறு, சங்கராபுரம் பக்கத்துப் பேச்சு வேறு. நம் வகுப்பிலேயே ஒருத்தன் 'வந்துகினு இருக்கேன்' என்பான், இன்னொருத்தன் 'வந்துட்டிருக்கேன்' என்பான்.

இந்த வருஷ புராஜெக்டுக்கு நான் யோசித்திருப்பது இதுதான். கிணத்து மோட்டாரைப் பேச்சால் போட்டு நிறுத்தும் ஒரு பெட்டி. பத்தே கட்டளை. 'மோட்டார் போடு', 'நிறுத்து', 'கரண்ட் இருக்கா' மாதிரி. 40 பேர், ஆளுக்கு ஒவ்வொரு கட்டளையும் 5 தடவை. 10 × 40 × 5 = 2000 ஒலித்துண்டுகள். ஒரு துண்டு 2 செகண்ட், செகண்டுக்கு 16,000 அளவு, ஒரு அளவுக்கு 2 பைட் என்றால் மொத்தம் 128 மெகாபைட். ஒரு பென் டிரைவில் மூலையில் அடங்கிவிடும். 30 பேர் குரலில் பழக்கி, மீதி 10 பேர் குரலை மெஷினுக்குக் காட்டாமல் வைத்துச் சோதிக்கணும். பழக்கிய குரலிலேயே சோதித்துவிட்டு நூற்றுக்கு நூறு என்று சொல்வது நம்மை நாமே ஏமாற்றுவது. 40 பேரில் பாதிப் பேர் பெண்கள், குறைந்தது பத்துப் பேர் அறுபது வயசு தாண்டியவர்கள். குரல் கொடுப்பவரிடம் எதற்கு என்று விளக்கி, சம்மதம் கேட்டுத்தான் பதிவு செய்யணும்.

மலைப்பக்கம் 20 பேரை நான் பார்த்துக்கொள்கிறேன். எங்க ஆயா சரின்னு சொல்லிடுச்சு. கீழ்நாட்டில் சங்கராபுரம், சின்னசேலம், தியாகதுருகம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஆளுக்கு ஏழெட்டுப் பேரைப் பிடித்துக் கொடுத்தால் போதும். மைக்கும் ரிலே போர்டும் லேபில் இருக்கிறது.